ஏழாம் அத்தியாயத்தில் ஊரைக் காலி செய்த முனீஸ்வரர்

ஒரு நாவலைப் படித்து முடித்தால் என்ன செய்யலாம்? பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லலாம். பிடிக்காவிட்டால் நாற்பது பேரிடம் சொல்லலாம். மூன்று பிரதி ஃபோட்டோஸ்டாட் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் 'சாப்' முத்திரை குத்தி, வீடமைப்பு நிறுவனத்துக்கு அத்தாட்சியாக அனுப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றுமா?

என் மாமனாருக்குத் தோன்றியது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஈப்போவிலிருந்து ஆயர் தாவாருக்கு, மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் ஐந்து வயது மகள் யாழினி ஒருவழியாகத் தூங்கினாள். அவள் தூங்கும் நேரம்தான் நான் படிக்கும் நேரம் — வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என் புலம்பலைக் கேட்கும் உங்களுக்கு இது புதிதல்ல. முகம் கழுவிவிட்டு வருவதற்குள், சோபாவில் கவிழ்த்து வைத்திருந்த நாவலைக் காணோம். மாமா அதை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் செய்தித்தாளில் மரண அறிவிப்பைத் தவிர வேறெதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"டேய் பிரகாஷூ! இங்க வா லா! நம்ம கோயிலு புத்தகத்துல வந்துருக்கு!"

என் கணவர் பிரகாஷ் வரவில்லை. அவர் எப்போதும் இப்படித்தான் — கூப்பிட்டது அப்பா என்றால் காது கேட்காது. நான் ஓடினேன்.

அந்த நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் 'மூன்றாவது ஷிஃப்ட் முனி'. எழுதியவர் ஈப்போக்காரர், இளைஞர். ஒரு நிகழ்ச்சியில் "அக்கா, படிச்சிட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கையில் திணித்தார். நகரத்தில் நடக்கும் மாயக் கதை. ரப்பர் தோட்டங்களை விற்றாகிவிட்டது, சனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். சரி, தோட்டத்துக் காவல் தெய்வங்கள் என்ன செய்யும்? அவையும் வேலை தேடி ஈப்போவுக்கு வருகின்றன. இதுதான் கதை.

கறுப்பண்ணசாமி இ-ஹெய்லிங் வாடகைக் கார் ஓட்டுகிறார். ரேட்டிங் ஐந்துக்கு நாலே முக்கால். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் மட்டும் கண் சிவக்கும். பெரியாச்சி, பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் மையத்தில் சூப்பர்வைசர். முனீஸ்வரர் ஷாப்பிங் சென்டரில் செக்யூரிட்டி கார்டு. கடைகளில் புகைக்கத் தடை என்பதால், காப்பி விற்கும் கொப்பிக் கடையிலிருந்து சரியாக மூன்று மீட்டர் தள்ளி நின்று சுருட்டுப் பிடிக்கிறார். நிலத்தையெல்லாம் வளைத்துப் போடும் வில்லன், சுண்ணாம்பு மலைக் குகைக்குள் கோட் சூட்டோடு வாழும் ஒரு பூதம். பூதத்தை எதிர்த்துப் போராடுவது மலர்விழி என்கிற வக்கீல். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை.

இங்கேதான் எனக்கு இடித்தது.

முந்நூற்றுச் சொச்சம் பக்கம். அந்தக் குழந்தைக்கு ஒரு தடவைகூடக் காய்ச்சல் வரவில்லை. ஒரு தடவைகூட, அம்மா செருப்பு மாட்டும் நேரம் பார்த்து 'ஆய் வருது' என்று சொல்லவில்லை. மலர்விழி குகைக்குள் பூதத்தோடு சண்டை போடுகிறாள். ஒரு கையில் சூலம், மறு கையில் டார்ச் லைட். பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நர்சரி ஆறு மணிக்கு மூடிவிடுமே? தாமதமானால் டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே? முனீஸ்வரர் வாக்கி டாக்கியில் பேசுவதை நான் நம்பிவிட்டேன். இதை என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொரு குற்றமும் செய்தேன். யாழினி கேட்டாளே என்று, பயமில்லாத பகுதியை மட்டும் அவளுக்குச் சொன்னேன். அடுத்த நாள் ஷாப்பிங் சென்டர் வாசலில் நின்ற நேப்பாளக்காரக் காவலரிடம் நேராகப் போய், "அங்கிள், நீங்க முனியா?" என்று கேட்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். யாழினி கும்பிட்டாள். நான் வியர்த்தேன். தெரியாதவர்களிடம் பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சாமியாக இருந்தால் பேசலாமா? வீட்டுக்கு வந்து, இந்த வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை சொன்னது சரியா தப்பா என்று மூன்று இணையதளங்களில் தேடினேன். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னதால் கூடுதலாகப் பயந்தேன்.

நிற்க. மாமா கதைக்கு வருகிறேன்.

மாமா பிறந்த தோட்டம் ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடுகள் வரப்போகின்றன. அந்தத் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கு மாமாதான் செயலாளர். தகரக் கூரை, ஒரு சிலை, ஒரு சூலம், ஒரு அரிவாள், மூன்று படி — அவ்வளவுதான் கோயில். புதிய வீடமைப்புத் திட்டத்தில் அதற்கு இடமில்லை. நிறுவனத்து அதிகாரி, ஒரு சீனப் பெண், மரியாதையாகத்தான் பேசினாராம். 'தோட்டக் காலத்திலிருந்தே கோயில் இங்கே இருக்கிறது என்பதற்கு ஏதாவது ஒரு ஆதாரம் கொடுங்கள். ஒரு துண்டு நிலம் ஒதுக்க மேலிடத்தில் கேட்கிறேன். மாதக் கடைசிக்குள் வேண்டும்.'

ஆதாரமா? தோட்டத்து ஆபீஸே இல்லை. மாமா கூட்டம் போட்டுக் கேட்டார். "யாருக்காச்சும் பழைய விசயம் ஏதும் தெரியுமா?" எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். "யாருக்கு லா ஞாபகம் இருக்கு, அதெல்லாம் அந்தக் காலம்." கூட்டம் கலைந்தது.

இந்த நிலைமையில்தான் மாமா கையில் ஏழாம் அத்தியாயம் கிடைத்தது. 'ஆயர் தாவாருக்கு அருகே, வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து ஒரு தோட்டத்து மண்ணைக் காத்து நின்ற முனீஸ்வரர்...' என்று ஆரம்பிக்கிறது அது.

"மாமா, அது நாவல். கற்பனை" என்றேன்.

"அச்சடிச்சிருக்கான் மா. அச்சடிச்சதை எவன் இல்லேங்கப் போறான்?"

"முனீஸ்வரர் வாக்கி டாக்கி வச்சிருக்கிறதாவும் அச்சடிச்சிருக்காங்க மாமா."

"அது கற்பனையா இருக்கட்டும். ஆயர் தாவார் கற்பனையா? கோயிலு கற்பனையா? நீ அந்த அத்தியாயத்தை மட்டும் மலாய்ல எழுதிக் கொடு. நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதுறியே!"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேர் சொல்வீர்கள்? நான் கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் மாமா என்னிடம் கேட்ட முதல் உதவி இது. 'சரி மாமா' என்றேன். காரில் ஏறியதும் பிரகாஷிடம் புலம்பினேன்.

"அப்பாகிட்ட முடியாதுன்னு சொல்லிற வேண்டியதுதானே லா" என்றார்.

"நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கு ஏன் வம்பு?"

திங்கள், செவ்வாய், புதன். யாழினி தூங்கும் நேரமெல்லாம் மொழிபெயர்த்தேன். ஆசிரியருக்கும் போன் போட்டேன். ஒருவேளை உண்மையிலேயே ஏதாவது ஆவணத்தைப் பார்த்து எழுதியிருப்பாரோ என்று ஒரு நப்பாசை.

"அந்தக் கோயிலா? சும்மா கற்பனை அக்கா. லுமுட் போற வழியில ஆயர் தாவார்ல பெட்ரோல் போட நின்னோம். பேரு நல்லா இருந்துச்சு, போட்டுட்டேன்."

புதன்கிழமை அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அப்படியே கை நின்றுவிட்டது. கதைக்காகப் படித்தபோது ரசித்த பக்கம்தான். மரங்களை வெட்டுகிறார்கள். முனீஸ்வரர் அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொள்கிறார். 'இனி இங்கே எனக்கு வேலை இல்லை' என்று சொல்லிவிட்டு, கடைசி ரப்பர் பால் லாரியில் ஏறி ஈப்போவுக்குப் புறப்பட்டுப் போகிறார்.

புரிகிறதா? சாமி இந்த இடத்தைக் காலி செய்துவிட்டார். தானாகவே. யாரும் துரத்தவில்லை. இதை மலாயில் மொழிபெயர்த்து, சாப் குத்தி, நிலம் கேட்கும் கடிதத்தோடு நாமே இணைத்துக் கொடுக்கப் போகிறோம். அந்தச் சீனப் பெண் நிதானமாகப் படித்துவிட்டு, 'உங்கள் சாமிதான் ஈப்போவில் செட்டில் ஆகிவிட்டாரே, அப்புறம் நிலம் எதற்கு?' என்று கேட்டால்?

இதைப் போனில் ஒரு வரியில் மாமாவிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்கு விதமாக மெசேஜ் எழுதி நான்கையும் அழித்தேன். கடைசியில் ஒரு கோழைத்தனமான திட்டம் போட்டேன் — ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில் அத்தியாயத்தை எல்லோருக்கும் படித்துக்காட்டுவது. கடைசிப் பக்கத்தைக் கேட்டுவிட்டு அவர்களாகவே 'ஐயோ, இது வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்கள். மாமாவை நான் மறுத்ததாக இருக்காது. மாமனார் மனம் கோணாமல் நடப்பது எப்படி என்று யாராவது பரீட்சை வைத்தால் நான் முதல் மார்க் வாங்குவேன்.

ஞாயிறு காலை பூஜை முடிந்தது. தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பதினைந்து பேர் இருக்கும். சர்க்கரைப் பொங்கல் கிண்ணங்களோடு உட்கார்ந்தார்கள். யாழினி பிரகாஷ் மடியில். நான் எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தேன்.

"'பரந்து விரிந்த அரச மரத்தடியில்...'"

"என்னாது? அரச மரமா?"

முன் வரிசையிலிருந்து ராஜம்மா அக்கா. தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். எழுபது வயதானாலும் ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். வேறு விதமாகக் கூப்பிட்டால் திட்டு விழும். "எந்தக் கேணப்பய எழுதுனான்? அது பலா மரம்! என் மூத்தவ பிறந்த வருசம் அதுல இருந்துதான் பழம் விழுந்து சாமி கை உடைஞ்சுச்சு. சித்தியவான்ல இருந்து ஆளு கூட்டியாந்து ஒட்ட வச்சோம்!"

போன கூட்டத்தில் உதட்டைப் பிதுக்கிய அதே ராஜம்மா அக்கா.

நான் அடுத்த வரிக்குப் போனேன். "'வெள்ளிக்கிழமை தோறும் சேவல் பலி...'"

"வெள்ளிக்கிழமை தோறுமா! வருசத்துக்கு ஒரு ஆடு வெட்டுனதே பெருசு. அந்த ஆட்டுல தலைக்கறி யாருக்குன்னு கங்காணி வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நாலு வருசம் பேச்சே இல்ல!"

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "நாலு இல்லக்கா, ஆறு" என்றார். "வாயை மூடு லா, நீ அப்ப அரைஞாண் கயித்தோட ஓடிக்கிட்டு இருந்த" என்றார் ராஜம்மா அக்கா. அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். சூலம் இந்தப் பக்கம் இருந்தது. இல்லை, அந்தப் பக்கம். நாவலாசிரியரின் பரம்பரையே இழுக்கப்பட்டது. ஒன்றரைப் பக்கம் படிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"'பேய்க்குப் பயந்த துரை, தன் செலவில் கட்டிக்கொடுத்த படிகளில்...'"

இந்த வரியில் ஒரு நாற்காலி கீழே விழுந்தது. எழுந்தவர் அந்தோணி அண்ணன். கிறிஸ்தவர், ஆனால் இந்தக் கோயில் கூட்டம் ஒன்றையும் விடாதவர் — பொங்கலுக்காகத்தான் என்று அவரே சொல்வார்.

"தொரையா? தொரையா கட்டுனான்? அந்தப் படி எங்கப்பா கட்டுனது! எங்கம்மா சமைக்கிற குசினிக்குன்னு வாங்கி வச்ச சிமெண்டு! மழையில கோயிலு வாசல்ல வழுக்கி விழுந்துட்டு, மூட்டையைத் தூக்கியாந்து இங்க கொட்டிட்டாரு. குசினி மண்ணு தரையாவே கிடந்துச்சு. எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுச்சு. இப்ப புத்தகத்துல தொரை பேரா?"

"அண்ணே, உக்காருங்க. கதைதானே..." என்றேன்.

"கதையா? என்கிட்ட படம் இருக்கு. இருங்க, வாரேன்!" மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே விட்டார்.

மிச்சத்தையும் படித்தேன். மரங்கள் வெட்டப்பட்டன. அரிவாள் சாக்குக்குள் போனது. முனீஸ்வரர் பால் லாரியில் ஏறினார். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். இப்போது சொல்வார்கள், இப்போது சொல்வார்கள் என்று பார்த்தேன்.

"அந்த லோரி டிரைவரு மாணிக்கம்தானே?" என்றார் ராஜம்மா அக்கா.

ஒருவருக்கும் உறைக்கவில்லை! மாமா பெருமையாக எல்லோரையும் பார்த்துவிட்டு, "சரி மா, நாளைக்குப் போட்டாஸ்டாட் எடுத்துருவோமா?" என்றார்.

வேறு வழியில்லை.

"மாமா... இதைக் கொடுக்க வேணாம்."

"ஏன் மா?"

"கடைசிப் பக்கத்துல சாமியே ஈப்போவுக்குப் போயிட்டாரு. இதைக் கொடுத்தா, இங்க சாமி இல்லைன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும். கொடுக்க வேணாம் மாமா."

தகரக் கூரை சூட்டில் படபடக்கும் சத்தம் கேட்டது. பிரகாஷ் யாழினியின் சட்டைப் பொத்தானை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என்னிடமிருந்து காகிதங்களை வாங்கினார். கடைசித் தாளில் விரலை ஓட்டி, தனக்குள்ளேயே படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே மா. மூணு நாளு உக்காந்து வேற எழுதியிருக்க..."

அவ்வளவுதான். கோபம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. நான் பயந்து நடுங்கிய அந்த மனிதரை அந்த நான்கு நாளும் என் தலைக்குள் நானே உருவாக்கி வைத்திருந்திருக்கிறேன். நாவலாசிரியரை விட நான் பெரிய கற்பனைக்காரி.

ஆனால் மாமாவின் தோள் தொங்கிப்போனது. காகிதத்தை நாலாக மடித்தார். "அப்ப நம்மகிட்ட காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. ராஜம்மா அக்காகூடப் பொங்கல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது.

"பாருங்க லா! நல்லா பாருங்க! இது தொரை சிமெண்டா, எங்கப்பா சிமெண்டா?"

அந்தோணி அண்ணன் கையில் சட்டம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அவருடைய மூத்த அக்காவின் கல்யாணம். மாதா கோயிலுக்குப் போக லாரி வரும்வரை, வெள்ளைச் சேலையில் சேறு படக் கூடாது என்று பெண்ணை உயரமான இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று படி. பின்னால் சிலை, சூலம், அரிவாள், தகரக் கூரை. ஓரத்தில் பலா மரம், காயோடு.

மாமா சட்டத்தைக் கழற்றினார். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருந்தன. ஐம்பது வருடத்துக்கும் மேலே.

"டேய் அந்தோணி... போன கூட்டத்துல ஆதாரம் ஆதாரம்னு கத்துனேனே, ஏன்டா சொல்லலை?"

"நீ கோயிலுக்கு ஆதாரம் கேட்ட. இது எங்க அக்கா கல்யாணப் படம் லா!"

ராஜம்மா அக்கா படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "பொண்ணுக்குப் பின்னால தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறது நான்தான். என்கிட்டயும் இருக்கு, என் மகளுக்குக் காது குத்தினப்ப எடுத்தது" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ஏழு படங்கள் வந்து சேர்ந்தன. மொட்டை, காதுகுத்து, ஒரு கால்பந்துக் குழு. எல்லாவற்றிலும் யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால், ஒருவரும் கவனிக்காமல், முனீஸ்வரர்.

நம் ஆட்களிடம் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டால் தெரியாது என்பார்கள். 'நாங்க என்னத்தைக் கண்டோம்' என்பார்கள். தப்பாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள் — தேதி, கிழமை, தலைக்கறி யாருக்கு என்பது வரை வந்து விழும். வரலாறு தொகுக்கக் கருத்தரங்கு வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். சரியான கேள்விகளைத் தயாரிப்பதை விட்டுவிட்டு, பிழையாக ஒரு கட்டுரை வாசியுங்கள். அரங்கமே எழுந்து நிற்கும்.

படங்களை மட்டும் கொடுத்தோம். போன வியாழன் பதில் கடிதம் வந்தது. கோயிலுக்கு இடம் உண்டு. எங்கே? விளையாட்டுத் திடலுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே, இரண்டு கார் நிறுத்தும் அளவுக்கு. மாமா அந்தக் கடிதத்தை எனக்குப் போனில் இரண்டு முறை படித்துக் காட்டினார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ராஜம்மா அக்கா வரைபடத்தில் பலா மரம் எங்கே என்று கேட்டு, அந்தச் சீனப் பெண்ணுக்கு நேரடியாகவே போன் போட்டிருக்கிறாராம். அந்தப் பெண்ணுக்காக நான் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று நாவலாசிரியரிடமிருந்து மெசேஜ். 'அக்கா, மனசுல பட்டதைச் சொல்றேன்னீங்களே?'

இந்த முறை எதையும் எழுதி அழிக்கவில்லை. ஒரே தடவையில் அனுப்பினேன்:

தம்பி, ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வரிகூடச் சரியில்லை — அடுத்த பதிப்பில் தயவுசெய்து எதையும் திருத்திவிடாதீர்கள்.